கேட்கப்படாத நான்கு இலட்சம் பேர்



வரலாற்று நூல்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி வரும். இன்ன ஆண்டில் இன்ன மாநிலம் இன்ன முடிவு செய்தது என்று எழுதியிருப்பார்கள். நாமும் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று, மாநிலம் என்றால் யார் என்று கேட்டுப் பார்க்கலாம். இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் தென் கரோலினா மாநிலத்துக்கு இன்று போய் வருவோம்.

1860ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள். சார்ல்ஸ்டன் என்னும் துறைமுக நகரில் ஒரு மாநாடு கூடியிருந்தது. உண்மையில் இம்மாநாடு மூன்று நாளுக்கு முன்னர் தலைநகர் கொலம்பியாவில்தான் தொடங்கியது. அங்கே பெரியம்மை பரவுகிறது என்ற பேச்சு எழவே, பிரதிநிதிகள் இடத்தை மாற்றிக்கொண்டு சார்ல்ஸ்டனுக்கு வந்துவிட்டார்கள். அமெரிக்க ஐக்கியத்திலிருந்து தென் கரோலினா பிரிந்துவிட வேண்டும் என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவு 169. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. அன்று மாலை பெரியதோர் அரங்கத்தில் வைத்து எல்லாரும் கையொப்பம் இட்டார்கள். தேவாலய மணிகள் ஒலித்தன, பீரங்கிகள் முழங்கின, தெருவெங்கும் கொண்டாட்டம். ஆபிரகாம் லிங்கன் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அப்போது ஆறு வாரங்கள்தாம் ஆகியிருந்தன. அவர் பதவி ஏற்கவும் இல்லை.

ஆக, தென் கரோலினா பிரிந்தது என்று எழுதிவிட்டார்கள். இப்போது அதே 1860ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கைப் பார்ப்போம். அம்மாநிலத்தில் இருந்தவர்கள் 703,708 பேர். அவர்களில் அடிமைகள் 402,406 பேர். நூற்றுக்கு 57 பேர் இன்னொருவருக்குச் சொந்தமான உடைமை! நாட்டில் இருந்த மாநிலங்களில், அடிமைகளின் விகிதம் இங்கேதான் எல்லாவற்றிலும் அதிகம். மாநாட்டில் இருந்த 169 பேரில் இவர்களுடைய பிரதிநிதி யாரும் இல்லை. இவர்களைக் கேட்கவும் இல்லை. பெண்களையும் கேட்கவில்லை. அதிபர் தேர்தலில்கூட அந்த மாநிலத்தில் பொதுமக்கள் வாக்களிப்பது வழக்கமில்லை. சட்டமன்றமே வாக்காளர் குழுவைத் தேர்ந்து அனுப்பிவிடும். ஒருமனதாக நிறைவேறியது என்ற சொல்லுக்கு அங்கே இருந்த பொருள் அவ்வளவுதான்.

வெள்ளையர்களிலேயே ஒத்துக்கொள்ளாதவர்கள் சிலர் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் பெட்டிக்ரு என்பவர் சார்ல்ஸ்டனில் புகழ்பெற்ற வழக்கறிஞர். தென் கரோலினா ஒரு தனி நாடாக இருக்கப் போதாத அளவுக்குச் சிறியது, மனநோய் மருத்துவமனையாக இருக்கவோ மிகப் பெரியது என்று அவர் கூறியதாக இன்றைக்கும் சொல்வார்கள். ஊரே கொண்டாடிய வேளையில் அப்படிப் பேசியும் அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. பெரிய மனிதர் ஆயிற்றே! ஓர் அடிமை அதில் பாதி பேசியிருந்தால் கதை வேறு.

சரி, இத்தனை அடிமைகள் அங்கே எப்படி வந்தார்கள்? அதற்குக் காரணம் நெல்.

1670ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கே குடியேறினார்கள். அவர்களில் பலர் மேற்கிந்தியத் தீவான பார்படோசிலிருந்து வந்தவர்கள். கரும்புத் தோட்டத்தில் அடிமைகளை வைத்து வேலை வாங்கும் முறையைக் கையோடு கொண்டுவந்தவர்கள். கரையோரச் சதுப்பு நிலத்தில் நெல் நன்றாக விளையும் என்பது சில ஆண்டுகளில் தெரிந்துபோயிற்று. ஆனால் நெல் பயிரிடும் கலை ஆங்கிலேயருக்குத் தெரியாது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் வாழ்ந்த மக்களுக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அப்பகுதிகளிலிருந்து பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களுக்குச் சார்ல்ஸ்டன் சந்தையில் நல்ல விலை கிடைத்தது. வந்தவர்கள் காடுகளை வெட்டினார்கள், ஆற்றோரமாகக் கரை எழுப்பினார்கள், கடல் ஏறும்போது ஆற்று நீர் உயர்வதைக் கணக்கிட்டு மதகு திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சினார்கள், இறங்கும்போது வடித்தார்கள். மதகு, வரப்பு, களை என்றால் என்ன என்று அறிந்த நேயர்களுக்கு, முழங்கால் சேற்றில் நின்று செய்யும் அந்த வேலையின் கடுமையை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

கோடை வந்தால் மலேரியா பரவும். முதலாளிகள் குடும்பத்தோடு நகரத்துக்குப் போய்விடுவார்கள். அடிமைகள் வயலிலேயே இருப்பார்கள். இப்படி ஒதுங்கி வாழ்ந்ததால், பல ஆப்பிரிக்க மொழிகளும் ஆங்கிலமும் கலந்த கல்லா என்னும் ஒரு தனி மொழியே அவர்களிடம் வளர்ந்தது. அக்கரையோரத்திலும் தீவுகளிலும் அதை இன்றும் பேசுகிறார்கள். தீவுகளில் பின்னர் நீண்ட இழையுள்ள உயர்ந்த ரகப் பருத்தியும் விளைந்தது. நெல்லும் பருத்தியும் சேர்ந்து சார்ல்ஸ்டன் முதலாளிகளை அமெரிக்காவின் பெருஞ்செல்வர்களில் சேர்த்தன.

பெரும்பான்மையோரை அடிமையாக வைத்துக்கொண்டு சிறுபான்மையோர் ஆளும் ஊரில் ஓர் அச்சம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். 1739ஆம் ஆண்டில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் ஆயுதம் ஏந்திக் கிளம்பினார்கள். கலகம் அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கடுமையான சட்டம் வந்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது குற்றம் ஆயிற்று. 1834இல் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் குற்றம் ஆயிற்று.

இரண்டுக்கும் நடுவே, 1822ஆம் ஆண்டில் நடந்தது டென்மார்க் வீசி விவகாரம். வீசி ஒரு தச்சர். 1799இல் லாட்டரியில் 1,500 டாலர் விழுந்தது. அதில் 600 டாலரைக் கொடுத்துத் தம் விடுதலையைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டவர். ஆனால் அவருடைய பிள்ளைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். பெரிய கலகத்துக்குத் திட்டமிட்டார் என்று குற்றஞ்சாட்டி அவரையும் சேர்த்து 35 பேரைத் தூக்கில் போட்டார்கள். விசாரணை பூட்டிய கதவுக்குள் நடந்தது. திட்டம் எவ்வளவு பெரியது என்பது குறித்து வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அச்சம் எவ்வளவு பெரியது என்பதில் வாதத்துக்கு இடமே இல்லை. துறைமுகத்துக்கு வரும் வெளியூர்க் கப்பலில் கறுப்பினக் கப்பலாள் இருந்தால், கப்பல் புறப்படும்வரை அவரைச் சிறையில் அடைத்துவைக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். நகரத்தைக் காக்க ஓர் ஆயுதக் கிடங்கும் காவற்படையும் ஏற்பட்டன. அந்தக் கிடங்குதான் 1842இல் சிட்டடல் என்னும் இராணுவக் கல்லூரி ஆயிற்று. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிறிது நேரத்தில் மறுபடியும் வரும்.

பிரிந்து போனது மாநில உரிமைக்காக, அடிமை முறைக்காக அல்ல என்று சொல்வாருண்டு. பிற்காலத்தில் பள்ளிப் புத்தகங்களிலேயே அப்படி எழுதினார்கள். அதற்கு நாம் பதில் தேட வேண்டியதில்லை. மாநாட்டினரே 1860 டிசம்பர் 24ஆம் நாள், பிரிவதற்கான காரணங்களை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அடிமை முறையை வட மாநிலங்கள் வெறுக்கின்றன, அதை எதிர்க்கும் ஒருவரை அதிபராக்கிவிட்டன என்பது அதில் வெளிப்படையாக இருக்கிறது. தப்பியோடி வந்த அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்ப மறுத்து வட மாநிலங்கள் தத்தம் சட்டமன்றங்களில் சட்டம் செய்திருந்தன. அது பெருங்குற்றம் என்கிறது அறிக்கை. தம் மாநிலத்துக்கு ஒரு நியாயம், அடுத்த மாநிலத்துக்கு வேறு நியாயம்!

இனிப் போருக்கு வருவோம். சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் சம்டர் கோட்டை இருந்தது. அதில் மேஜர் ராபர்ட் ஆண்டர்சன் என்பவரின் தலைமையில் மத்திய அரசின் சிறு படை தங்கியிருந்தது. 1861 ஜனவரி 9ஆம் நாள் அவர்களுக்கு உணவும் துணைப்படையும் ஏற்றிவந்த கப்பலைக் கரையிலிருந்து சுட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சுட்டவர்கள் யார்? சிட்டடல் கல்லூரி மாணவர்கள். ஏப்ரல் 12ஆம் நாள் விடியற்காலை நாலரை மணிக்குக் கோட்டையின்மீது பீரங்கித் தாக்குதல் தொடங்கிற்று. தாக்கிய தளபதி பியூரெகார்ட், இராணுவக் கல்லூரியில் ஆண்டர்சனிடம் பீரங்கிக் கலை பயின்ற மாணவர். ஏறக்குறைய 34 மணி நேரம் குண்டு பொழிந்தும், அத்தாக்குதலில் ஒருவர்கூட இறக்கவில்லை. ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்த நான்காண்டுப் போர் இப்படித்தான் ஆரம்பமானது.

அந்த இரவில் சார்ல்ஸ்டன் பெருங்குடியினர் மாடிகளில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மேரி செஸ்நட் என்ற சீமாட்டி அந்நாள்களில் நாட்குறிப்பு எழுதிவந்தார். பீரங்கி அதிரும்போது வீட்டு வேலை செய்யும் அடிமைகளின் முகத்தை அவர் கவனித்திருக்கிறார். எந்த மாற்றமும் தெரியவில்லையாம். காதில் விழாததுபோல் வேலையைப் பார்க்கிறார்கள். இவர்கள் ஒன்றும் அறியாதவர்களா, அல்லது நம்மைவிட அறிந்தவர்களாக இருந்து காலம் பார்க்கிறார்களா என்று அவருக்கே ஐயம் வந்துவிட்டது.

அந்த ஐயத்துக்கு ஏழே மாதத்தில் விடை கிடைத்தது. 1861 நவம்பர் 7ஆம் நாள் மத்திய அரசின் கடற்படை, சார்ல்ஸ்டனுக்குத் தெற்கேயுள்ள போர்ட் ராயல் துறைமுகத்தைப் பிடித்தது. சுற்றியிருந்த தீவுகளின் முதலாளிகள் அள்ளியதும் பிடித்ததுமாகப் படகேறி ஓடினார்கள். அடிமைகளையும் உடன் வரச் சொன்னார்கள். மிரட்டியும் பார்த்தார்கள். வடநாட்டார் உங்களைப் பிடித்துக் கியூபாவில் விற்றுவிடுவார்கள் என்று கதை கட்டியும் பார்த்தார்கள். பெரும்பாலோர் அசையவில்லை. காட்டிலும் வயலிலும் ஒளிந்துகொண்டார்கள். சுமார் 10,000 பேர் அத்தீவுகளிலேயே தங்கிவிட்டார்கள். டிசம்பர் மாநாடு அவர்களைக் கேட்கவில்லை. அவர்களோ முதல் வாய்ப்பிலேயே தங்கள் வாக்கைக் கால்களால் அளித்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு வடக்கேயிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். லாரா டவுன் என்ற பெண்மணி செயின்ட் ஹெலினா தீவில் பள்ளி தொடங்கினார். பென் பள்ளி என்பது அதன் பெயர். சில மாதங்கள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர், 1901இல் இறக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பேரனும் பாட்டியும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். படிப்பது நேற்றுவரை குற்றமாக இருந்த ஊர் அது என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி ராபர்ட் ஸ்மால்ஸ் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த உரையை எழுத நான் உட்கார்ந்ததே இவர் பொருட்டுத்தான்.

1839ஆம் ஆண்டில் பியூஃபர்ட் என்ற சிற்றூரில், மக்கீ என்னும் முதலாளியின் வீட்டுக்குப் பின்புறம் இருந்த குடிசையில் இவர் பிறந்தார். தாய் லிடியா அவ்வீட்டில் வேலை செய்த அடிமை. பன்னிரண்டு வயதில் பையனைச் சார்ல்ஸ்டனுக்கு வாடகை வேலைக்கு அனுப்பினார்கள். விடுதியில் பரிமாறினான், தெருவிளக்கு ஏற்றினான், துறைமுகத்தில் மூட்டை தூக்கினான், படகு ஓட்டப் பழகினான். கூலி முதலாளிக்குப் போகும். வாரத்துக்கு ஒரு டாலர் கையில் கிடைக்கும். விடுதியில் வேலை செய்த ஹன்னா என்ற அடிமைப் பெண்ணை மணந்தார். மனைவிக்கும் மகளுக்கும் விலை 800 டாலர் என்று அவர்களின் முதலாளி சொன்னார். ஸ்மால்ஸ் சேர்த்துவைத்திருந்தது சுமார் 100 டாலர். மனைவி மக்களுக்கு விலை பேசி, சேமிப்பைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கும் ஒரு கணவனை நினைத்துப் பாருங்கள், நேயர்களே.

போர் வந்தபோது அவர் பிளான்டர் என்னும் நீராவிக் கப்பலில் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தார். தென்னவரின் இராணுவத்துக்குத் தளவாடம் ஏற்றிச் செல்லும் கப்பல் அது. கப்பலை ஓட்டுவது அவர் வேலை. ஆனால் மாலுமி என்ற பட்டத்தை ஓர் அடிமைக்குக் கொடுக்க மாட்டார்கள். கப்பல் தலைவரும் மற்ற இரு வெள்ளை அதிகாரிகளும் இரவில் கப்பலில்தான் தங்க வேண்டும் என்பது விதி. அவர்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. 1862 மே 12ஆம் நாள் இரவும் கரையேறிப் போய்விட்டார்கள். இவர்களை நம்பிக் கப்பலை விட்டுப்போகலாம், இவர்கள் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்ற நினைப்பு!

13ஆம் நாள் அதிகாலை மூன்று மணியளவில் பாய்லரில் நெருப்பு மூட்டினார்கள். கொடிகளை ஏற்றினார்கள். முதலில் வேறொரு துறைக்குப் போய், அங்கே ஒளிந்து காத்திருந்த ஹன்னாவையும் பிள்ளைகளையும் மற்ற குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டார்கள். பிடிபட்டால் எல்லாரும் கைகோத்துக் கடலில் குதித்துவிடுவது என்று பேசிவைத்திருந்தார்கள். தலைவருடைய அகன்ற வைக்கோல் தொப்பியை ஸ்மால்ஸ் தலையில் வைத்துக்கொண்டு, அவர் நிற்பதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துறைமுகத்தில் கோட்டைக்குக் கோட்டை ஊத வேண்டிய சங்கொலி அடையாளம் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகக் கடந்தார்கள். கடைசியில் சம்டர் கோட்டை. போர் தொடங்கிய அதே கோட்டை. வேகத்தைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடலாம் என்று உடனிருந்தவர்கள் துடித்தார்கள். அவர் விடவில்லை. எப்போதும் போகும் வேகத்தில், எப்போதும் ஊதும் சங்கை ஊதினார். போகலாம் என்று கோட்டையிலிருந்து பதில் வந்தது.

பீரங்கிக் குண்டு எட்டாத தொலைவுக்குப் போனதும் தென்னவர் கொடியை இறக்கிவிட்டு வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டினார்கள். ஹன்னா விடுதியிலிருந்து கொண்டுவந்த படுக்கை விரிப்பு என்று சொல்வார்கள். எதிரே நின்ற மத்திய அரசுக் கப்பல் சுடுவதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது. பொழுது விடிந்த வெளிச்சத்தில் அந்த வெள்ளைத் துணி கண்ணில் பட்டிராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கப்பலில் இருந்த பதினாறு பேரும் விடுதலை பெற்றார்கள். கப்பலின் சொந்தப் பீரங்கிகளோடு, ஒரு கோட்டைக்குக் கொண்டுபோக ஏற்றிவைத்திருந்த நான்கு பீரங்கிகளும் வந்து சேர்ந்தன. அவற்றைவிட விலை மதிப்புள்ளது ஸ்மால்ஸின் தலைக்குள் இருந்த செய்தி: எந்தக் கோட்டையில் படை இல்லை, கடலுக்குள் எங்கெங்கே கண்ணி வைத்திருக்கிறார்கள் என்பது. மத்திய அரசு அவருக்கு 1,500 டாலர் பரிசளித்தது. அப்போது அவருக்கு வயது 23. எழுதப் படிக்கத் தெரியாது, பிறகுதான் கற்றுக்கொண்டார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் வாஷிங்டன் சென்று, கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வேண்டும் என்று அரசாங்கத்திடம் வாதாடினார். போர்ட் ராயல் பகுதியில் 5,000 பேர் வரை சேர்த்துக்கொள்ள உத்தரவு பிறந்தது. நேற்றைய அடிமை இன்றைய சிப்பாய் ஆனார். வடநாட்டில் எல்லாம் சரியாக இருந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1864இல் ஃபிலடெல்ஃபியா நகரில், கறுப்பர் என்ற காரணத்துக்காக இதே ஸ்மால்ஸைத் தெரு வண்டியிலிருந்து இறங்கச் சொன்னார்கள்.

1863 ஜனவரி முதல் நாள் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் பெரும்பகுதியில் அது அப்போதைக்குத் தாளில் இருந்த விடுதலைதான். படை போய்ச் சேர்ந்தால்தான் விடுதலையும் போய்ச் சேரும். போர்ட் ராயலில் படை முன்பே இருந்தது. அங்கே ஆற்றங்கரை மரநிழலில் ஆயிரக்கணக்கானோர் கூடிப் பிரகடனத்தைக் கேட்டார்கள். கொடியை வழங்கிய நேரத்தில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்று நடந்தது. வயதான ஒருவரின் குரல் நாட்டைப் போற்றும் பாட்டொன்றைத் தொடங்க, இரு பெண்களின் குரல்கள் அதில் சேர்ந்துகொண்டன. மேடையிலிருந்த வெள்ளையர்களும் பாட வாயெடுத்தபோது படைத்தலைவர் ஹிக்கின்சன் கைகாட்டி அவர்களை நிறுத்திவிட்டார். அது அவர்களுடைய நேரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவ்வாண்டு ஜூன் மாதம் ஹேரியட் டப்மன் என்ற அம்மையாரின் துணையோடு படகுகள் கம்பாஹி ஆற்றில் ஏறிச் சென்று, ஒரே இரவில் 700க்கு மேற்பட்டவர்களை நெல் வயல்களிலிருந்து மீட்டுவந்தன. 1865 பிப்ரவரியில் தலைநகர் கொலம்பியா எரிந்தது. 18ஆம் நாள் சார்ல்ஸ்டன் சரணடைந்தது. நகருக்குள் முதலில் நுழைந்த படைகளில் ஒன்று கறுப்பினச் சிப்பாய்களின் 21ஆம் படைப்பிரிவு.

நகரத்தின் குதிரைப் பந்தயத் திடலைத் தென்னவர் போர்க் கைதிகளின் சிறையாக வைத்திருந்தார்கள். அங்கே நோயில் இறந்த 257 பேரைக் கும்பலாகப் புதைத்திருந்தார்கள். விடுதலை பெற்ற மக்கள் அவர்களைத் தோண்டி எடுத்து, தனித்தனிக் குழியில் முறையாக அடக்கம் செய்து, சுற்றி வேலியும் அமைத்தார்கள். மே முதல் நாள் சுமார் 10,000 பேர் மலரோடு ஊர்வலமாக வந்தார்கள். முன்வரிசையில் வந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். தங்களுக்காக மாண்டவர்களுக்கு அவர்கள் செய்த முதல் கடன் அது. பிறகு நூறாண்டுக்கு மேல் இந்நிகழ்ச்சியைப் பற்றிப் பெரும்பாலோர் பேசவே இல்லை.

அடிமை முறை ஒழிந்தது. பிறகு என்ன?

1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் பிறப்பித்த உத்தரவின்படி கரையோர நிலம் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கப்பட்டது. லிங்கன் கொல்லப்பட்ட பின் அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் அதை ரத்துச் செய்து, நிலத்தைப் பழைய முதலாளிகளிடமே பெரும்பாலும் திருப்பிக் கொடுத்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் செய்தது. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் கறுப்பினத்தவர் வேலைக்காரர் எனப்படுவார், வேலை கொடுப்பவர் எசமானர் எனப்படுவார் என்று அதில் எழுதினார்கள். உழவும் வீட்டு வேலையும் தவிர வேறு தொழில் செய்ய வேண்டுமானால் பணம் கட்டி அனுமதி பெற வேண்டும். அடிமை என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். மத்திய அரசின் தளபதி அச்சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்தார்.

1868இல் சார்ல்ஸ்டனில் மறுபடியும் ஒரு மாநாடு கூடியது. இதிலே பிரதிநிதிகளில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ராபர்ட் ஸ்மால்ஸும் ஒருவர். இம்முறை கேட்கப்பட்டார்கள் அல்லவா? அவர்கள் எழுதிய அரசமைப்புச் சட்டத்தில், எல்லாக் குழந்தைகளுக்கும் இனவேறுபாடின்றி இலவசப் பள்ளி இருந்தது. வாக்களிக்கச் சொத்துத் தகுதி தேவையில்லை என்றும் இருந்தது. அம்மாநிலத்தின் ஏழை வெள்ளையருக்கும் முதன்முறையாகப் பள்ளிக் கதவு அகலத் திறந்தது இந்தச் சட்டத்தால்தான். 1870இல் ஜோசப் ரெய்னி என்பவர் அமெரிக்க மக்கள் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் ஆனார். அவர் தென் கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். முடிதிருத்தும் தொழில் செய்தவர். பின்னர் ஸ்மால்ஸும் அச்சபைக்குப் பல முறை தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த ஆட்சியில் ஊழல் இருந்தது உண்மை. கடன் ஏறியதும் உண்மை. ஆனால் அதைக் கவிழ்த்தவர்கள் ஊழலை ஒழிக்கத் துப்பாக்கி எடுத்ததாக நம்புவது கடினம். 1876 தேர்தலின்போது சிவப்புச் சட்டை அணிந்த குதிரைவீரர்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று கறுப்பின வாக்காளரை மிரட்டினார்கள். ஹாம்பர்க் என்ற ஊரில் கொலையும் செய்தார்கள். 1877இல் மத்திய அரசு தன் சிப்பாய்களைச் சட்டமன்றக் கட்டடத்திலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. பழையவர்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தார்கள்.

1882இல் ஒரு விந்தையான சட்டம் வந்தது. வாக்குச் சாவடியில் எட்டுப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு பெட்டி. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துச் சரியான சீட்டைச் சரியான பெட்டியில் போட வேண்டும். மாறிப் போட்டால் செல்லாது. யாராவது வந்து எண்ணிப் பழகிவிடாதபடி பெட்டிகளை இடம் மாற்றி மாற்றி வைப்பார்கள். ஐம்பதாண்டுக்கு முன் படிப்பதைக் குற்றமாக்கினார்கள். இப்போது படிக்கத் தெரியாததைக் குற்றமாக்கினார்கள்.

1895இல் இன்னொரு மாநாடு. மொத்தம் 160 பேர்; அவர்களில் கறுப்பினத்தவர் ஆறு பேர். ஐம்பத்தாறு வயது ஸ்மால்ஸ் அந்த ஆறு பேரில் ஒருவர். தலைவரி கட்டியிருக்க வேண்டும், அரசமைப்புச் சட்டத்தைப் படித்துக் காட்ட வேண்டும் அல்லது 300 டாலர் சொத்து இருக்க வேண்டும் என்றெல்லாம் விதி போட்டு, வாக்குரிமையைக் கறுப்பின மக்களிடமிருந்து ஏறக்குறைய முழுவதுமாகப் பறித்தார்கள். ஸ்மால்ஸ் எழுந்து நின்று வாதாடினார். தோற்றார். கையொப்பம் இடாத பிரதிநிதிக்குப் படிப்பணம் இல்லை என்ற பேச்சு வந்தபோது, கையொப்பம் இடுவதைவிடப் பியூஃபர்ட்டுக்கு நடந்தே போய்விடுவேன் என்று அவர் சொன்னதாக அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். கையொப்பம் இடவில்லை. 1860 மாநாட்டைப்போல ஒருமனதாக நிறைவேறியது என்று இதை எழுத முடியாமல் போயிற்று.

பறிபோன வாக்குரிமை உறுதியாகத் திரும்பிவர 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிவினைப் போரின் கொடி சட்டமன்ற வளாகத்திலிருந்து இறங்க 2015ஆம் ஆண்டு ஆயிற்று. அதுவும், டென்மார்க் வீசியின் காலத்திலேயே வேர்கொண்ட இமானுவேல் தேவாலயத்தில், பிரார்த்தனைக்குக் கூடியிருந்த ஒன்பது பேரை இனவெறியன் ஒருவன் சுட்டுக்கொன்ற பிறகு.

ஸ்மால்ஸ் போரின்போதே பியூஃபர்ட்டில் ஒரு வீட்டை வாங்கியிருந்தார். வரி கட்டாததால் ஏலத்துக்கு வந்த வீடு, மக்கீயின் வீடு. எந்த வீட்டின் பின்புறக் குடிசையில் பிறந்தாரோ அதே வீடு. அது தனக்குச் சேர வேண்டியது என்று பழைய உரிமையாளர் தரப்பில் வழக்குப் போட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1878இல் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பானது. முதுமையில் நினைவு தடுமாறிய மக்கீயின் மனைவி ஒரு நாள் இன்னும் தன் வீடு என்றெண்ணி உள்ளே வந்துவிட்டதாகவும், ஸ்மால்ஸ் அந்த அம்மையாரை அவருடைய பழைய அறையிலேயே தங்கவைத்துப் பார்த்துக்கொண்டதாகவும் அவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. 1915 பிப்ரவரியில் அந்த வீட்டில்தான் அவர் காலமானார். அந்த வீடு இன்னும் நிற்கிறது. தென் கரோலினா சட்டமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை வைக்க 2024ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறியது.